உறவினர் அல்லர்

1

ஊரிலிருந்து போன் பேசுகிற எல்லாரும் "லண்டன்ல குளிருங்களா?" என்றுதான் தொடங்குவார்கள். எனக்கும் லண்டனுக்கும் ரயிலில் மூன்று மணி நேரம். நான் இருப்பது மேற்கே, ஆடுகள் அதிகமும் ஆட்கள் குறைவுமான ஒரு பகுதியில். இருபத்தாறு வருஷமாக விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமாங்க, லண்டன்ல குளிர்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.

தபால் கிடங்கு ஒன்றில் இருபது வருஷம் மூட்டை பிரித்து முழங்கால் இரண்டும் போன பிறகு, எனக்குக் கிடைத்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஹெர்ன்வுட் மாளிகை என்று ஒரு பெரிய பண்ணை வீடு இருக்கிறது. கடைசி வாரிசு செத்தபின் ஒரு அறக்கட்டளை அதை எடுத்து நுழைவுச்சீட்டு வைத்துக் காட்டுகிறது. வாரத்தில் மூன்று நாள் நான் அங்கே சாப்பாட்டு அறையில், சட்டையில் பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு, வருகிறவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். நன்றாகவே சொல்வேன். ஒரு மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு மிராசுதார் வீட்டுக் கதையைச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கதை இதுதான். முதல் ஹெர்ன்வுட் ஒரு கம்பளி வியாபாரி. இங்கிலாந்து ராஜா ஒருவர் கிறிஸ்தவ மடங்களைக் கலைத்து அவற்றின் நிலத்தை விற்ற காலத்தில், மடத்து நிலத்தை மலிவாக வாங்கிப் போட்டவர். மூன்றாம் தலைமுறையில் கம்பளி மறந்துபோய், ஆதியிலிருந்தே பிரபுக்கள் என்று ஆகிவிட்டார்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் பாராளுமன்றத்தில், ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மதராஸ் போய்ப் பெரிய பணத்தோடும் கெட்டுப்போன ஈரலோடும் திரும்பியவர். 'நானூறு ஆண்டுகள், ஒரே குடும்பம், ஒரே பெயர்' என்று வாசலில் பலகை இருக்கிறது.

பலகை சொல்வது முழு உண்மை இல்லை. ஆண் வாரிசு இல்லாமல் அந்தப் பெயர் மூன்று தடவை அறுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உயிலில் ஒரு நிபந்தனை: நிலம் வேண்டுமென்றால் வருகிறவன் தன் பெயரைத் தலைமுழுகிவிட்டு ஹெர்ன்வுட் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை மாப்பிள்ளைகள் மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை வந்தவர், பிள்ளையில்லாமல் செத்துப்போன ஒரு பேத்தியின் புருஷன். அவரும் பெயரை மாற்றிக்கொண்டார், நிலத்தை வாங்கிக்கொண்டார், வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். கடைசிவரை அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் அந்த இரண்டாம் கல்யாணத்து வழி. அவர்கள் உடம்பில் ஹெர்ன்வுட் ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. இதைச் சொன்னதும் வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதற்கென்றே குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லப் பழகி வைத்திருக்கிறேன்.

போன புரட்டாசியில் ஒரு நாள். தேநீர்க்கடையில் பாத்திரம் கழுவும் ஜீன் என்ற அம்மாள், தட்டு எடுக்க என் அறை வழியாகப் போனாள். அறுபத்தைந்து வயது இருக்கும். அவள் பெயர் அட்டையைப் பார்த்த ஒரு பெரியவர், "அட, நீங்களும் ஹெர்ன்வுட்டா! இந்தக் குடும்பமா?" என்று கேட்டுவிட்டார்.

"ஐயோ இல்லை, உறவெல்லாம் இல்லை" என்று ஜீன் சிரித்தாள்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். நான்தானே வரலாறு. எங்களுக்குக் கொடுத்திருக்கும் குறிப்பேட்டில் இதற்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை அப்படியே ஒப்பித்தேன். "இதே பெயருள்ளவர்கள் கிராமத்தில் பலர் உண்டு. பண்ணையில் வேலை செய்தவர்களின் வழியினர். உறவினர் அல்லர்."

ஜீன் தலையாட்டிவிட்டுத் தட்டோடு போனாள். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. அதே வார்த்தையை அதற்குப் பதினோரு மாதம் முன்பு இன்னொருவரைப் பற்றி என் மகளிடம் சொல்லியிருந்தேன்.

2

என் சட்டை அட்டையிலும் ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. செல்வமணி மேலையாண்டார். இங்கே யாருக்கும் வாயில் நுழையாததால் 'செல்வா' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்துப் பட்டப்பெயர் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனத்தில், எங்கள் ஊரில் மேலையாண்டார் வீடு என்றால் பதினாறு வீடுகள். பதினாறும் பங்காளிகள். ஒரே பட்டத்துக்குள் பெண் கொடுக்க மாட்டோம், எடுக்க மாட்டோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு வீட்டுக்கும் தீட்டு. கூடிச் சாப்பிடுவதற்கு முன்னால், கூடித் தலை மழித்துக்கொள்வதற்கான பெயர் அது.

முதன்முதலாகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் நின்றேன். பள்ளிச் சான்றிதழில் நான் வெறும் கோ. செல்வமணி. தஞ்சாவூரில் அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் "அப்பா பேரைப் போட்டுடுங்க சார், எல்லாரும் அதான் பண்றாங்க" என்றார். பக்கத்தில் நின்ற அப்பா விடவில்லை.

"பட்டத்தைப் போடு. எங்க போனாலும் நீ யாருன்னு தெரியணும்ல?"

யாருக்குத் தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போட்டேன். அதன்பின் ஒரு தாளில் கோவிந்தசாமி மகன், ஒரு தாளில் மேலையாண்டார், ஒரு தாளில் இரண்டும். இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபின், இந்தியாவுக்குப் போய்வரும் அட்டைக்கு விண்ணப்பித்தேன். இரண்டு தடவை திரும்பி வந்தது. கோ. செல்வமணியும் மேலையாண்டாரும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நோட்டரி முன்னால் உட்கார்ந்து, நான் நானேதான் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு எழுத்து வித்தியாசம் என்று மூன்றாவது தடவையும் வந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் பிள்ளை பொறுமையாகத்தான் கேட்டாள், "இதில் எது உங்கள் குடும்பத்தின் பெயர்?" என்று. நான் அவளுக்குப் பட்டப்பெயரின் பெருமையை ஐந்து நிமிஷம் விளக்கினேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

அந்த அட்டை வராமல் கிடந்த ஐப்பசியில்தான் அப்பா செத்துப்போனார்.

3

அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் பக்கவாதம். அம்மா எப்போதோ போய்விட்டாள். எதிர்வீட்டில் சித்தப்பா மகன் பாலு இருந்தான். அவன் நல்லவன்தான், ஆனால் "அள்ளிப் போடுற வேலையெல்லாம் நம்மால முடியாதுண்ணே" என்று முதல் வாரமே சொல்லிவிட்டான். நான் இங்கிருந்து பெரியவர்களுக்கான டயப்பரும் மருந்தும் பார்சல் போட்டுக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் வந்து அப்பாவைத் துடைத்து, புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டியவன் தங்கராசு.

தங்கராசு எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவன். அவன் அம்மா அஞ்சலை எங்கள் வயலில் நடவு நட்டவள். தங்கராசு வயிற்றில் இருக்கும்போதே அவளை மாரிமுத்து என்ற எங்கள் பண்ணை ஆளுக்குக் கட்டிவைத்தவர் என் அப்பா. ரேஷன் கார்டில் அவன் மா. தங்கராசு. ஆனால் இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடக்கிற அப்பாவின் நடை, எனக்கு வராமல் அவனுக்கு வந்திருந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் என்னைச் சின்னய்யா என்பான். நான் அவனை வாடா போடா என்பேன். மீசை முளைத்தபின் வா, போ.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பன்னிரண்டு வயதில் வாய்க்கால் தண்ணீர் முறைச் சண்டையில் ஒருவன் அப்பாவைப் பார்த்துக் கத்தினான், "ஒம் மவன் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வாடா" என்று. நான் ஒற்றைப் பிள்ளை. அப்பா அவனை அடிக்காமல் திரும்பி வந்தார். அதன் பின் அம்மா, கொல்லைப்பக்கம் வருகிற தங்கராசுக்குத் தானே சோறு போடுவதும், அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவதும் எனக்குப் புரிந்துபோயிற்று. ஊருக்கே தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அஞ்சலையை யாராவது கேட்டார்களா, அவளால் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா என்பதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் யோசித்தேன். யோசித்தவுடன் நிறுத்திக்கொண்டேன்.

அப்பா போன அன்று இங்கே காலை. வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். முதலில் பாலு பேசினான். ஐஸ் பெட்டி எடுத்திருக்கிறது, ஆனால் மழை பிடித்துக்கொண்டுவிட்டது, கரண்ட் போய்ப் போய் வருகிறது, நாளைக்கு மேல் வைக்க முடியாது என்றான். விசா எடுத்து நான் வந்து சேர நாலு நாளாவது ஆகும். "நீங்க எடுத்துடுங்க" என்றேன். பத்து நிமிஷம் கழித்து, தெரியாத ஒரு எண்.

"சின்னய்யா, நான் தங்கராசு பேசுறேங்க."

அவன் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா போறப்ப பக்கத்துல நான்தான் இருந்தேங்க. கஷ்டப்படலங்க. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு."

நான் அழுதேன். நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.

"ஒண்ணு கேக்கணுங்க. நீங்க வர முடியலன்னு பாலு ஐயா சொன்னாரு. கொள்ளி நான் வச்சுக்கிறேங்க."

வந்த பஸ்ஸைப் போகவிட்டேன்.

"நிலம் நீச்சு எதுவும் கேக்கலங்க. கேக்கவும் மாட்டேன். எழுதிக் குடுக்கச் சொன்னா இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன். இது ஒண்ணு மட்டுங்க."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க தங்கராசு?"

"ஊருக்குத் தெரியாததாங்க?"

பாலுவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். பாலு ஒரே போடாகப் போட்டான். "அண்ணே, பங்காளி பதினாறு வீடும் எந்திரிச்சுப் போயிரும். பெரியப்பாவத் தூக்க ஆளிருக்காது. அதுமட்டுமில்ல, அந்தத் தெருவுலேருந்து ஒருத்தன் வந்து நம்ம சுடுகாட்டுல கொள்ளி வச்சான்னா நாளைக்கு என்னென்ன ஆகும்னு நீங்க அங்கேருந்து யோசிக்க முடியாது. ஆனா நீங்கதான் மவன். நீங்க சொன்னா சரி."

நான் சொன்னால் சரி. அதை ஒளித்துவைக்க எனக்கு வழியில்லை. அன்றைக்கு அந்த முடிவு முழுசாக என் கையில் இருந்தது. பதினாறு வீடும் என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு என்ன போயிருக்கும்? நான் இருப்பது ஐயாயிரம் மைல் தள்ளி. ஆனாலும் பயந்தேன். எதற்கென்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்போதுதான் என் மூளை ஒரு மத்தியஸ்தம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பிறகு எரிந்து முடிகிறவரை வெட்டியானோடு யாராவது காவல் இருப்பார்கள். தங்கராசுக்குப் போன் போட்டேன்.

"கொள்ளி பாலு வைக்கட்டும். நீ கடைசி வரைக்கும் கூட இருந்து பாத்துக்க. அதுவும் பெரிய காரியந்தான், தங்கராசு."



"சரிங்க சின்னய்யா."

பாலுவிடம், தங்கராசுக்கு ஒரு நல்ல வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்துவிடு என்றும் சொன்னேன்.

4

மறுநாள் செல்போனில் அப்பாவின் சாவைப் பார்த்தேன். என் மகள் கயல்விழி முந்தின ராத்திரியே தன் ஊரிலிருந்து வந்திருந்தாள். இருபத்தைந்து வயது, இங்கேயே பிறந்தவள், தமிழ் அரைகுறை. தாத்தாவை வாழ்க்கையில் நாலு தடவை பார்த்திருக்கிறாள்.

ஊர் முனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைத்தான் பாலுவின் மகன் முதலில் காட்டினான். மழையில் ஓரம் உரிந்து தொங்கியது. மகன்: செல்வமணி மேலையாண்டார், லண்டன். அதன் கீழே பேத்தி, பங்காளிகள், மைத்துனர்கள், கட்சிக்காரர் இரண்டு பேர், அப்பாவுக்கு உரம் விற்ற கடைக்காரர். எல்லாப் பெயரையும் படித்தேன். இல்லாத பெயரை நான் தேடவில்லை என்று சொன்னால் பொய்.

பிறகு சுடுகாடு. தகனக் கொட்டகையின் தகரம் பாதி பறந்துபோயிருந்தது. வரட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு, சேறு பூசியிருந்தார்கள். பாலு மொட்டைத் தலையோடு குடத்தைச் சுமந்து மூன்று சுற்று வந்தான். எல்லாருக்கும் பின்னால், குடை இல்லாமல், ஒரு ஆள் தனியாக நின்றுகொண்டிருந்தான். புது வேட்டியை மடித்துக் கையில் வைத்திருந்தான்; கட்டவில்லை.

கயல் திரையில் விரலை வைத்தாள். "அப்பா, இது யாரு? தாத்தா மாதிரியே இருக்காரு."

"நம்ம பண்ணையில வேலை பாக்குறவர்."

"ரிலேஷனா?"

"உறவெல்லாம் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். சாயங்காலம் என் மனைவி வசந்தாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறாள். வசந்தா எங்கள் பக்கத்துப் பெண்தான். கல்யாணமான முதல் வருஷமே புரிந்துகொண்டவள். அவள் பொய் சொல்லவில்லை. கிளம்பும்போது கயல் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அவர் கேட்டாரா? நீங்க நோ சொன்னீங்களா?" நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

இந்தச் சித்திரையில் அவள் ஒரு வெள்ளைக்காரப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்களை அழைத்திருந்தாள், நன்றாகத்தான் கவனித்துக்கொண்டாள். பெயரை மாற்றிக்கொண்டுவிட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அப்பா பாஸ்போர்ட் கட்டத்தில் போடச் சொன்ன பெயர் எங்கள் வீட்டில் என்னோடு முடிகிறது.

5

ஜீன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் கேட்ட நாளின் மாலையில், ஊழியர் வாசலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு எதற்கென்றே முதலில் புரியவில்லை.

"ஓ, அதுவா! பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், செல்வா. உறவு இல்லை என்பது எங்கள் பெயரோடு சேர்ந்தே வரும்."

"உண்மையிலேயே இல்லையா?"

அவள் சிகரெட்டைப் பற்றவைத்தாள். அவளுடைய தாத்தாவின் அப்பா, அந்த வீட்டில் துணி வெளுத்த பெண்ணின் பிள்ளை. தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பா பெயருக்கான இடம் காலி. அம்மாக்காரி பிடிவாதமாகப் பிள்ளையின் பெயருக்கு நடுவில் ஹெர்ன்வுட் என்று போட்டுவிட்டாள். அவன் பிள்ளைகள் காலத்தில் அதுவே கடைசிப் பெயராகிவிட்டது. அவன் அந்தப் பண்ணையிலேயே வேலி கட்டுகிற வேலை பார்த்தான். பெரிய துரை செத்தபோது பெட்டியைத் தூக்கப் பண்ணை ஆட்கள் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனும் ஒருவன். தூக்குவதற்குக் கூலியாக ஆளுக்கு ஒரு ஜோடி கறுப்புக் கையுறை கொடுத்தார்கள்.

"அது இன்னும் என் வீட்டில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது" என்றாள் ஜீன். "ஒரு தடவைகூடப் போட்டதில்லையாம். தூக்கும்போதும் வெறுங்கையாலேயே தூக்கினாராம். சொந்த அப்பாவைத் தூக்கக் கூலி எதற்கு என்று பெண்டாட்டியிடம் சொன்னாராம். அவ்வளவுதான் எங்கள் குடும்பக் கதை."

எனக்குத் திரையில் பார்த்த புது வேட்டி நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன். வீட்டுக்குப் போனதும் வருஷத் திதிக்கு டிக்கெட் போட்டேன். அட்டை அதற்குள் வந்திருந்தது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் நான்தான் என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது.

6

திதி புது ஆற்றுப் படித்துறையில் நடந்தது. முதல் நாளே பாலுவிடம் சொல்லிவிட்டேன், தங்கராசும் என்னோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணியும் விடட்டும் என்று. பாலு முகம் சுண்டிப்போனான். ஆனால், "வெளிநாட்டுக்குப் போறவரு, ஒங்க இஷ்டம்ணே. நான் சொல்லிவிடுறேன்" என்றான். தங்கராசு வரவில்லை. பிண்டம் வைத்தேன், ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், மூன்று தலைமுறைப் பெயர் சொன்னேன். தண்ணீர் கலங்கலாகச் சுழித்துக்கொண்டு போனது.

ஈர வேட்டியோடு வயல் பக்கம் போனேன். சம்பா நடவு முடிந்து பயிர் பிடித்திருந்தது. ராத்திரி மழையில் வரப்பு உடைந்திருக்க, தங்கராசு தனியாக மண் வெட்டி அணைத்துக்கொண்டிருந்தான். எலும்பு தெரிய மெலிந்திருந்தான். இடது தோள் தூக்கியபடியே இருந்தது.

"வாங்க சின்னய்யா. வழுக்கும், பாத்து வாங்க."

"திதி முடிஞ்சுது. நீ வரலியே?"

"பாலு ஐயா சொல்லிவிட்டாருங்க. நான் எதுக்குங்க?"

வரப்பில் உட்கார்ந்தேன். இருபது நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் சரின்னு சொல்லியிருக்கணும். தப்பு பண்ணிட்டேன் தங்கராசு. ஒரு வருஷமா தூக்கமில்ல."

அவன் வெட்டிய மண்ணை உடைப்பில் வைத்து மிதித்தான். இன்னொரு வெட்டு. பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"தூங்குங்க சின்னய்யா. ஒண்ணும் கெட்டுப் போகல. ஒரு விஷயம் சொல்றேன், ஒங்க மனசோட வச்சுக்குங்க. பாலு ஐயா வச்ச கொள்ளி பிடிக்கவே இல்லைங்க."

"என்ன சொல்ற?"

"அவரு முறைப்படி வச்சாரு, திரும்பிப் பாக்காம போனாரு. பின்னாடியே எல்லாரும் போயிட்டீங்க, செல்போனு பையனும் போயிட்டான். சாரல் உள்ள அடிச்சுது. கொஞ்ச நேரத்துல வெறும் பொகதான். கைய விட்டுப் பாத்தேன், உள்ள ஜில்லுன்னு கெடக்குது. வெட்டியான், காஞ்ச வைக்கோல் எடுத்தாரேன்னு ஊருக்குள்ள ஓடிட்டான். நானும் ஐயாவும்தான்."

தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு வேட்டி குடுத்தீங்கல்ல, அது நனையாம கக்கத்துல வச்சிருந்தேன். அதக் கிழிச்சு, எண்ணெயில நனைச்சு, நெஞ்சுப்பக்கம் நான்தான் மறுபடி வச்சேன். நின்னு புடிச்சுக்கிச்சு. அப்பான்னு கூப்புட்டேன். ஒரே ஒரு தடவ. ஒருத்தரும் இல்ல கேக்க. விடியிற வரைக்கும் இருந்துட்டு, வாய்க்கால்ல குளிச்சிட்டு வந்துட்டேன்."

நான் எப்போது எழுந்து சேற்றில் இறங்கினேன் என்று தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வயலில், அந்த வெளிச்சத்தில், ஐம்பத்தெட்டு வயதில், முதல் தடவையாக வாய் வந்தது.

"அண்ணே."

தங்கராசு சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் கண்ணில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை; பயம்தான் இருந்தது.

"வேணாங்க. அப்படிக் கூப்புடாதீங்க."

"நான் ஊர்ல எல்லாருக்கும் முன்னாடியே சொல்றேன். பாலு, பங்காளி, யாரு என்ன சொன்னாலும்..."

"சொல்லிட்டு நீங்க ஏரோப்ளேன் ஏறிருவீங்க." அவன் குரல் உயரவில்லை. "எங்கம்மா சாவுற வரைக்கும் இந்தப் பேச்ச வாயால எடுத்ததில்லைங்க. நான் கேட்டதுமில்ல. இப்ப நீங்க அண்ணேன்னு கூப்புட்டா, ஊரு ஐயாவ ஒண்ணும் சொல்லாது. எங்கம்மாவத்தான் ஒரு பேரு சொல்லும். செத்து மண்ணாப் போனவள இழுத்து நடுத்தெருவுல நிறுத்தணுமா? எனக்கு வேண்டியது ஒண்ணுதான், அத நான் செஞ்சுட்டேன். இது ஒங்களுக்கு வேண்டியது."

அவன் குனிந்து, மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துவிட்டான்.

"நேரமாச்சு. நீங்க சின்னய்யாவாவே போயிட்டு வாங்க."